பதினாலு நாள் போட்ட மாத்திரை

ரிப்போர்ட் எழுதுவதில் நான் கொஞ்சம் தாராளமான ஆள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை. கழுத்தில் டை, கையில் கறுப்புப் பை, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை டாக்டர்களின் வாசலில் தவம். உள்ளே போய் நான் பேசப் பேச டாக்டர் "ம்" என்றால், "மிகுந்த ஆர்வம் காட்டினார்" என்று எழுதுவேன். "அப்புறம் வாங்க" என்று துரத்தினால், "மறு சந்திப்புக்கு அழைத்தார்." (பொய் இல்லைங்க. கொஞ்சம் காத்து அடிச்ச உண்மை.) இந்த வியாதியை ஆபீசோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் நிலைமை வந்திருக்காது.

என் மகள் கயல் அப்போது நாலாம் வகுப்பு. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். முதல் மூன்று கணக்கைக் கடகடவென்று போட்டுவிடுவாள். நாலாவது கணக்கு போடும்போது ரயில் ஒன்று போகும். கணக்கும் அந்த ரயிலில் ஏறிப் போய்விடும். அப்புறம் பென்சிலைத் தேடுவாள், பென்சில் கிடைத்தால் நோட்டைத் தேடுவாள். பள்ளியில் அவளைத் தோழியிடமிருந்து பிரித்து முன் பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"நான் மக்காப்பா?"

எதையும் ஜோக்கடித்துச் சமாளிக்கும் நான், அன்றைக்குக் குனிந்து அவளுடைய இன்னொரு ஷூவைக் கழற்றிவிட்டேன்.

சிதம்பரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு மூன்று முறை வரவழைத்து, வகுப்பில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பள்ளியில் எழுதி வாங்கிவரச் சொல்லி, அவளோடு விளையாடிப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். கவனக் குறைபாடு. மக்கு இல்லை, சேட்டையும் இல்லை. பயிற்சிகளோடு தினம் ஒரு கேப்சூல்.

"காலைல டிபன் முடிஞ்சதும் ஒண்ணு. உங்க கண்ணு முன்னாடி உள்ள போவணும். பதினாலு நாள் கழிச்சி வாங்க. வேலை செய்யுதா இல்லியான்னு பாத்துட்டுத்தான் மேற்கொண்டு முடிவு பண்ண முடியும்."

"மருந்து விஷயத்த என்கிட்ட விட்டுடுங்க டாக்டர். நம்ம தொழிலே அதான்," என்றேன். என் மனைவி சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுமதி நெய்வேலியில் ஆசிரியை. ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். ஆகவே காலை மருந்துக்கு முழுப் பொறுப்பும் நான். வேலை முறையும் சுலபம். இட்லித் தட்டு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், அதன் பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கேப்சூல். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, நான் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் டை கட்டுவேன். (கண்ணு முன்னாடின்னு டாக்டர் சொன்னது, கண்ணாடி முன்னாடின்னு என் காதுல விழுந்திருக்கணும்.) அங்கிருந்தே குரல் கொடுப்பேன்.

"கயலு, மாத்திரை போட்டியா?"

"போட்டேம்ப்பா."

காலண்டரில் ஒரு டிக். இப்படிப் பதினாலு டிக்.

மூன்றாம் நாளிலிருந்தே எனக்கு முன்னேற்றம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவள் பல் தேய்த்துவிட்டு பிரஷை அதே இடத்தில் வைத்தாள். ஆகா, மருந்து. ஒரு தோசையை எழுந்து ஓடாமல் சாப்பிட்டு முடித்தாள். மருந்தேதான். "ஏங்க, கணக்கு நோட்டு அப்படியேதான இருக்குது?" என்று சுமதி கேட்டதற்கு, "நோட்டுக்கு வரதுக்குக் கொஞ்ச நாள் ஆவும், இப்பதான் பல்லு வரைக்கும் வந்திருக்கு," என்று விளக்கம் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் சிதம்பரம் போனோம். போகிற வழியில் வேலை விஷயமாக வேறு இரண்டு டாக்டர்களையும் பார்த்துவிடலாம் என்று பையையும் தூக்கிக்கொண்டேன். சிதம்பரத்தில் இருக்கும் சுமதியின் தம்பி செந்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டான். நால்வருமாக டாக்டர் அறைக்குள் போனோம்.

டாக்டர், "எப்படி இருக்கா?" என்று கேட்டதுதான் தாமதம். என்னைப் பிடிக்க முடியவில்லை. நல்ல மாற்றம், கவனம் கூடியிருக்கிறது, முகத்திலேயே ஒரு தெளிவு, எழுபது சதவீத முன்னேற்றம் என்று மாதாந்திர ரிப்போர்ட்டைப் படிப்பது போல அடுக்கினேன். டாக்டர் தலையை ஆட்டியபடி எழுத ஆரம்பித்தார். அவருடைய பேனா எழுதவில்லை. உதறினார். அப்போதும் எழுதவில்லை.

என் கை தானாகப் பைக்குப் போனது. கம்பெனி டாக்டர்களுக்கு இலவசமாகப் பேனா கொடுத்த காலத்தில் மிஞ்சிய நாலைந்து பேனாக்கள் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் கிடந்தன. அந்தப் பழக்கம் நின்றதிலிருந்து அந்த ஜிப்பை நான் திறந்ததே இல்லை. இழுத்தேன். ஒரு பிடி அள்ளி மேசை மேல் வைத்தேன்.

மூன்று பேனா வந்தது. கூடவே நீலமும் வெள்ளையுமாக ஏழெட்டு கேப்சூல்கள் மேசை மேல் உருண்டன. ஒன்று ஸ்டெதஸ்கோப்பில் முட்டி நின்றது. ஒன்று கீழே விழுந்து, செந்திலின் காலடிக்கு உருண்டு போனது.

டாக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது நான் எழுதிக் குடுத்ததாச்சே."

நான் கயலைப் பார்த்தேன். "தினம் போட்டேன்னு சொன்னியேம்மா."

"போட்டேனே."

"எதுல?"

"பையில."

கயல் பயப்படவே இல்லை. அவளிடம் நியாயம் இருந்தது. "நீ போட்டியான்னுதான கேட்ட? எதுல போட்டேன்னு கேக்கவே இல்லியே. உன் மாத்திரை எல்லாம் அந்தப் பையிலதான இருக்கும். அதான் அதுலயே போட்டுட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எழுபது சதவீதம்னு சொன்னீங்க."

எனக்கு மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. அங்கே ஏற்கெனவே செந்தில், கேப்சூல் தேடுகிற சாக்கில் குனிந்து, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

"உள்ளயே போவாத மருந்து வேலை செஞ்சுதா இல்லியான்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரிட்சைக்கு முன்னாடி நமக்குத் தெரியணும். பாப்பாவுக்கு ரெண்டு வாரம் வீணாயிடுச்சி." பிறகு அவளிடம் குனிந்தார். "ஏம்மா, கசக்குதா?"

"தொண்டையில நிக்குது. மொத நாளு நின்னுச்சி, துப்பிட்டேன். அப்பாவுக்கும் நிக்கும். அம்மா அப்பாவுக்கு மாத்திரைய இடிச்சி வாழைப்பழத்துல வச்சித்தான் தருவாங்க."

பதினேழு வருடமாக மாத்திரை விற்கும் ஒருவனின் பரம ரகசியம், ஒரு டாக்டர் முன்னால், அவரைக் கூப்பிட வந்து நின்ற நர்ஸ் முன்னால், மச்சான் முன்னால் வெளியே வந்துவிட்டது. சுமதி, "ஆமாம் டாக்டர்," என்று மட்டும் சொன்னாள். அதில் ஒரு திருப்தி இருந்தது.

டாக்டர் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. இந்தக் கேப்சூலைப் பிரிக்கக் கூடாது, மெல்லக் கூடாது, முழுசாகத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். முதலில் சீரக மிட்டாயில் பழக வேண்டும், பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும், நேராக உட்கார வேண்டும், அவசரம் கூடாது. "அப்பாவும் சேந்து கத்துக்கட்டும். புள்ள தனியா பயப்படுது."

செந்தில் வீட்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த வேகம் வேலையில் சேர்ந்த முதல் நாள்கூட வந்ததில்லை. கயல் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஒழுங்கா கேக்கல. தப்பு என்னுது. ரெண்டு பேரும் கத்துக்கலாம்." அவள் யோசித்தாள். "மொதல்ல நீ."

ஒரே ஒரு சீரக மிட்டாய். கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. நாக்கில் வைத்தேன். செம்பைத் தூக்கி, அண்ணாந்து, நம் வீட்டு வழக்கப்படி வாய் படாமல் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் போனது, மிட்டாய் போகவில்லை. இருமினேன். தண்ணீரும் மிட்டாயும் சேர்ந்து செந்திலின் வெள்ளைச் சட்டையில் போய் இறங்கின.

"மாமா, நான் காலையிலயே குளிச்சிட்டேன்," என்றான் அவன்.

சுமதி டாக்டருக்குப் போன் செய்தாள். அண்ணாந்தால் கேப்சூல் தண்ணீரில் மிதந்து முன்னால் வந்துவிடும். தலையைக் கொஞ்சம் குனிந்து, தம்ளரில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்றாராம். விஷயம் இவ்வளவுதான். எங்கள் வீட்டில் தம்ளரில் வாய் வைத்தால் அது எச்சில், அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடித்தே வளர்ந்த குடும்பம். வீடு திரும்பியதும் சுமதி தன் கையாலேயே இரண்டு தம்ளர்களை எடுத்து வைத்து, "இது ரெண்டும் எச்சித் தம்ளர். நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்று அறிவித்தாள்.

தினமும் டிபனுக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்தோம். டை கட்டுவது அப்புறம்தான். இரண்டாம் நாள் கயல் விழுங்கிவிட்டாள். நான் மென்றுவிட்டேன். மூன்றாம் நாள் அவள் பெரிய மிட்டாய்க்குப் போனாள். நான் சின்னதிலேயே இருந்தேன். "கீழ பாருப்பா. மிட்டாய நெனைக்காத. தண்ணிய நெனை," என்று என் தாடையைப் பிடித்து அழுத்தினாள். ஒரு காரியத்தில் அரை மணி நேரம் அவள் அசையாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தது அப்போதுதான். ஐந்தாம் நாள் எனக்கும் இறங்கியது. அவள் கைதட்டினாள்.

ஆறாம் நாள் நிஜக் கேப்சூல். கயல் தானே எடுத்து நாக்கில் வைத்தாள். குனிந்தாள், குடித்தாள், வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றுமில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

மறுபடி பதினாலு நாள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் பசி குறைந்தது, அதை டாக்டரிடம் சொன்னோம், சாப்பாட்டு நேரத்தை மாற்றினார். ஆனால் ஒரு சாயங்காலம் ரயில் போனது. கயல் நிமிர்ந்து பார்த்தாள். திரும்ப நோட்டைப் பார்த்தாள். நாலாவது கணக்கு முடிந்தது. இந்த முறை டாக்டரிடம் நான் சொன்னது அவ்வளவுதான். "ரயிலு போனப்புறமும் ஒரு கணக்கு போட்டா." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "இது ரிப்போர்ட்டு," என்றார். அடுத்த மாதம் அவளைத் தோழியின் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள்.

விளைவு என்னவென்றால், என் வீட்டில் இன்றுவரை நான் எதையும் "போட்டாச்சு" என்று சொல்லித் தப்ப முடியாது. துணியை ஊறப் போட்டாலும், பெட்ரோல் போட்டாலும், கையெழுத்துப் போட்டாலும் உடனே கயலிடமிருந்து அடுத்த கேள்வி வரும். போன தேர்தலில் வாக்குச்சாவடிக்கு என்னோடு வந்திருந்தாள். நான் விரலில் மையோடு வெளியே வந்ததும், நீண்ட வரிசைக்கு நடுவில் சுமதியோடு நின்றிருந்தவள் சத்தமாகக் கேட்டாள்.

"ஓட்டு போட்டியாப்பா?"

"போட்டேம்மா."

"எதுல?"

வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார்.

"மெஷின்லதாம்மா," என்றேன்.