வெள்ளைக்கருவும் என் ஐம்பது கிலோவும்

நெய்வேலியில் மண்ணைத் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. முட்டையைத் தோண்டியவர் ஒரே ஒருவர்தான். அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, ஸ்பூன் முனையால் மஞ்சள் கருவைத் துளி மிச்சமில்லாமல் நெம்பி எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் வாயில் போட்டுக்கொள்வார். தினமும் பத்து முட்டை. எங்கள் பிளாக்கில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. வெள்ளைக்கரு வீடு எது என்று கேட்டால் தபால்காரர் கூடக் கை காட்டுவார்.

எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். கம்மாபுரம் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் வேலை. கடலூரில் நடக்கும் ஆணழகன் போட்டியில் மேடை ஏற வேண்டும் என்பது அவருடைய வெறி. உடம்பில் சதை நன்றாகவே இருந்தது. என்ன, அதன் மேல் கம்பளி போர்த்தியது போலக் கொழுப்பும் இருந்தது. சதை போகாமல் கொழுப்பை மட்டும் கரைக்க வேண்டும் என்று ஜிம் மாஸ்டர் சொல்லிவிட, ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினார். அன்றிலிருந்து சோறு, கோழிக்கறி, வெள்ளரிக்காய் எல்லாம் தராசில் ஏறி இறங்கித்தான் அவர் வாய்க்குப் போயின. ஒரு கிரகப்பிரவேச விருந்தில் இலைக்கு முன்னால் தராசை வைத்து, "நூறு கிராம் வரைக்கும் போடுங்க, தாண்டுனா எடுத்துடுங்க" என்றார். பரிமாறியவர் அதன் பிறகு அந்தப் பந்திப் பக்கமே வரவில்லை.

"இவருக்கு சமைக்க பொண்டாட்டி எதுக்குங்க? லேப் அசிஸ்டென்ட் போதும்" என்பார் அவர் மனைவி.

போட்டி நெருங்கும்போது பார்த்துப் பலாப்பழம் பழுக்க ஆரம்பித்தது. எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு வீடு பலா மரம். மனிதர் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். எதிர்வீட்டு ஃபோர்மேனிடம், "நான் ஷிப்டுக்குப் போனப்புறம் பழத்த அறுங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று கும்பிட்டே விட்டார்.

அதே நாட்களில் என் கதை வேறு. காசநோய் வந்து நாற்பத்து மூன்று கிலோவில் கிடந்தேன். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதமாகி, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் எங்கள் கேட்டைத் திறக்க ஆள் இல்லை. ஐம்பது கிலோ வந்தால்தான் வேலைக்கு அனுப்புவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இதற்கு நடுவிலும் எனக்கு வறட்டு ரோஷம் மட்டும் குறையவில்லை. மச்சினன் வாங்கி வந்த பழக்கூடையையே திருப்பி அனுப்பியவன் நான்.

ஒரு நாள் காலை வேலிக்கு மேலே ஒரு டிபன் பாக்ஸ் நீண்டது.

"மஞ்சக்கருண்ணே. நான் துன்னக் கூடாது. நாய்க்குப் போட்டுக்கினு இருக்கேன், மனசு கேக்கல."

"நாய்க்கு வச்சதையா எனக்குத் தர்றீங்க?"

"அது குண்டாயிட்டு குரைக்கவே மாட்டேங்குதுண்ணே. நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்."

ஒத்தாசை என்று கேட்பவரிடம் எப்படி முறுக்கிக்கொள்வது? வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பை உள்ளே போனது, இந்தப் பக்கம் என் கன்னம் வெளியே வந்தது.

போட்டிக்கு முதல் நாள், தசை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார். விளைவு, மேடையில் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டி நின்றபோது தசை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கையை இறக்கிய பிறகும் இவர் இறக்கவில்லை. இறக்க முடியவில்லை. என்ன ஒரு உறுதி என்று நடுவர்கள் அசந்துபோய் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். கோப்பையை அவர் மனைவிதான் போய் வாங்கினார்.

மறுநாளும் டிபன் பாக்ஸ் வந்தது. "அடுத்த போட்டிக்கு இப்பவே ஆரம்பிச்சாதாண்ணே முடியும்" என்றார். சரி, திருந்தாத கேஸ் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறி நின்றேன். ஐம்பதரை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். நேராக வெள்ளைக்கரு வீட்டுக்குத்தான் போனேன். அவர் ஷிப்டில் இருந்தார், மனைவி கதவைத் திறந்தார்.

"நாளைலேர்ந்து டியூட்டிம்மா. மஞ்சக்கரு இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க. அடுத்த போட்டி எப்போ?"

"எந்தப் போட்டிங்க? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. முழு முட்டையே துன்னலாம்னு மாஸ்டரு போட்டி முடிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டாரு. இவருதான் கேக்கல. 'முட்டை வாங்கிக் குடுத்தா அண்ணன் திருப்பி அனுப்பிடுவாரு, எனக்கு வேணாம்னு குடுத்தாதான் துன்னுவாரு'ன்னு சொல்லிக்கினு வெறும் வெள்ளையவே முழுங்கிக்கினு இருக்காரு."

மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுரங்கம் வரைக்கும் வெயிலைப் பற்றியே பேசினேன். நன்றி என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. இன்றைக்கும் நேரில் வருவதில்லை.

அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. அவர் மனைவி படிப்பார். இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அம்மா: அவரால்தான் நான் எழுந்து நின்றேன்.