யோனாவை விற்க அனுமதி கேட்டு

பாளையங்கோட்டை,
1909 ஆகஸ்டு 14, சனிக்கிழமை.

கொழும்பில் மகன் வீட்டு மாடியில் கடற்காற்றும் பென்ஷனும் வாங்கிக்கொண்டிருக்கிற மகா கனம் பொருந்திய பெரியப்பா ஞானசிகாமணி அவர்கள் சமுகத்துக்கு, தம்பி மகன் பாக்கியசீலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய தயவினால் இங்கே அப்பா சுகம், அம்மாள் சுகம், எலிசபெத் அக்காள் களக்காட்டில் சுகம். தாங்கள் விட்டுப்போன குதிரை மட்டும் விசாரணையில் இருக்கிறது.

போன கடிதத்தில் தாங்கள், "வண்டி ஓட்டப் பழகுகிறாயாமே, அதில் உனக்குக் கிடைத்த இன்பங்களையும் படிப்பினைகளையும் விவரமாய் எழுது" என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவோ, "நடந்ததை ஒளிக்காமல் எழுதி அந்தச் சனியனை விற்க உன் பெரியப்பாவிடம் அனுமதி வாங்கு" என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரே தபால்தலையில் இரண்டு காரியமும் முடிகிறது. வாங்குகிறவர் தச்சநல்லூர் ஜட்கா அப்பாத்துரை அண்ணாச்சி. வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வீட்டுக் குதிரைகளின் விலா எலும்பை ரஸ்தாவின் எதிர்ப்பக்கத்தில் நின்றே எண்ணிவிடலாம். வாய்ப்பாடு வராத பையன்களுக்கு மிகவும் உபயோகமான குதிரைகள். தங்கள் பதில் வந்த மறுநாள் ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்பங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை கொஞ்சம்தான். வில் வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்தால் ஊரில் உள்ள எல்லாருடைய தலைப்பாகைக்கும் மேலே நம்முடைய முழங்கால் இருக்கிறது. நேற்றுவரை என் காதைத் திருகிய கணக்கு வாத்தியார் குடையைச் சுருக்கிக்கொண்டு ஓரம் ஒதுங்குகிறார். முதல் மைலில் குதிரையின் காதுகள் முன்னே சாய்ந்திருந்தால் உலகம் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் இருந்தால் யோசிக்கிறது என்று அர்த்தம், இரண்டும் பின்னே படுத்துவிட்டால் இறங்கிவிடுவது நல்லது. படிப்பினை என்னவென்றால், லகானின் ஒரு நுனி குதிரை வாயிலும் மறு நுனி நம் கையிலும் இருக்கிறது என்பது மட்டுந்தான் நிச்சயம். யார் யாரை நடத்துகிறார்கள் என்பது அன்றன்று தெரியவரும். தாங்கள் அதற்கு ராஜா என்று பேர் வைத்திருந்தீர்கள். நான் யோனா என்று மாற்றிவிட்டேன். நினிவேக்குப் போ என்றால் தர்ஷீசுக்குப் போகிற பிராணிக்கு வேதத்திலே பேர் தயாராக இருக்கும்போது ராஜாக்களை ஏன் அவமதிக்கவேண்டும்?

இப்போது வழக்குக்கு வருகிறேன். அக்காள் உபாத்தியாயினிப் பயிற்சி தேறிய செய்தி தங்களுக்குத் தெரியும். களக்காட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை காலி என்றும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் நேரில் வரவேண்டும், தவறினால் அடுத்த பெண்ணைக் கூப்பிடுவோம் என்றும் அங்குள்ள மிஷன் துரைசானி அம்மாள் எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து மைல். அப்பாவுக்குக் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை தலைக்குமேல் இருந்ததால் வண்டி என் பொறுப்பாயிற்று. போன வாரம் வெள்ளிக்கிழமை, அதாவது ஆறாந்தேதி, விடியற்காலம் ஐந்து மணிக்கு, அம்மாள் ஜெபம் பண்ணி இட்லி கட்டிக் கொடுக்க, புறப்பட்டோம். நடுப்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, அக்காள் முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு.

ஒற்றைப்புளி கிராமத்தை நெருங்கும்போது பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அவ்வளவுதான், யோனாவின் காதுகள் முன்னே சாய்ந்தன, வலப்பக்கம் திரும்பிற்று, பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய், தானாகவே பின்வாங்கி, வண்டியின் படி கட்டடத்தின் படியோடு ஒட்டும்படி கச்சிதமாக நிறுத்தி, ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே யாரோ, "ஏலே, வண்டி வந்துட்டுலே! இன்ஸ்பெக்டர் வண்டிலே!" என்று அலறினார்கள். தாங்கள் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷம் ஒன்றாகியும் வண்டியின் அந்தப் பச்சைச் சாயம் ஓய்வு பெறவில்லை பெரியப்பா. பின்பக்கம் தடதடவென்று ஏதோ ஓடிற்று. இன்பமணி வாத்தியார் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, வண்டியில் அக்காளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பிறகு உள்ளே திரும்பி, "புது இன்ஸ்பெக்டர் பொம்பளையாக்கும், சத்தம் போடாதீங்கலே" என்றார்.

"ஐயா, நான் இன்ஸ்பெக்டர் இல்லை. சும்மா இந்த வழியாகப் போகிறேன்" என்றாள் அக்காள்.

"பெரிய ஐயாவும் வந்த உடனே அப்பிடித்தான் சொல்லுவாவ. வாங்கம்மா, இளநி வெட்டியாச்சு."

நான் லகானை உதறினேன், நாக்கைச் சொடுக்கினேன், சவுக்கைக் காட்டினேன், கெஞ்சினேன். நகரவில்லை. அக்காள் வேறு வழியில்லாமல் இறங்கி உள்ளே போனாள். பயிற்சி பெற்றவள் அல்லவா, பலகையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நாலு கணக்குக் கேட்டாள், ஒரு பாட்டுப் பாடவைத்தாள். பார்வையாளர் புஸ்தகத்தை நீட்டினார்கள். திரும்பிவந்து ஏறினாள். அப்போதும் குதிரை நகரவில்லை. அப்புறம் வாத்தியார் பின்பக்கம் வந்து, கால் கட்டிய கோழி ஒன்றை ஆசனத்தின் கீழே தள்ளினார். கோழி "கொக்" என்றது. உடனே யோனா புறப்பட்டுவிட்டது. பெரியப்பா, நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுதுகிறேன், அவ்வளவே.

இரட்டைப்புளியில் குதிரை மறுபடியும் வலப்பக்கம் திரும்பிற்று. (அந்தத் திசையில் புளியமரத்தை எண்ணித்தான் ஊருக்குப் பேர் வைக்கிறார்கள்.) மறுபடியும் இளநீர், மறுபடியும் நாலு கணக்கு. அக்காள் மட்டும் முதல் பெஞ்சில் ஒரு பையனை உற்றுப் பார்த்தாள். பெருவிரலில் மஞ்சள் துணி கட்டியிருந்தான். ஒற்றைப்புளியிலும் முதல் பெஞ்சில் ஒரு மஞ்சள் துணி இருந்தது. ரஸ்தா ஊரைச் சுற்றிப் போகிறது, குளத்தங்கரை வழியே ஓடினால் பாதித் தூரந்தான் என்பதைப் பிற்பாடு அறிந்தோம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மூன்று ஊர் வாத்திமாரும் பையன்களைக் கடன் கொடுத்து வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கமாம். நாற்காலியும் பூமாலையும் கூடக் கடன்தான் போலிருக்கிறது. இரண்டாம் தடவை மாலை கொஞ்சம் வாடியிருந்தது.

மொட்டைப்புளியிலும் குதிரை வலப்பக்கம் திரும்பிற்று. அக்காள் உள்ளே போனபோது மஞ்சள் துணி அங்கேயும் இருந்தது. வியர்வையில் நனைந்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கிற்று. அக்காள் அவன் முன் குனிந்து, "உன் பேரு என்னலே?" என்று கேட்டாள்.

அவன் வாத்தியாரைப் பார்த்தான், பிறகு அக்காளைப் பார்த்தான். "எந்தப் பள்ளிக்கூடத்துப் பேரும்மா?"

"எத்தனை பேரு இருக்கு?"

"ஒத்தப்புளில சுடலைக்கண்ணு. ரெட்டப்புளில மாரிக்கண்ணு. இங்கன இன்னும் சொல்லித் தரல."

"வீட்டுல என்னன்னு கூப்பிடுவாவ?"

"ஆடு மேய்க்கப் போலே-ம்பாவ."

அக்காள் சிரிக்கவில்லை. அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, சிலேட்டில் சுடலைக்கண்ணு என்று எழுதிக் காட்டினாள். அதுதான் அவனுடைய சொந்தப் பேராம். அவன் அதைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி ஆயிற்று. நான் வாசலில் நின்று, "எக்கா, நாலு மணிக்கா" என்றேன். "இருலே, 'ண்'ணுக்குச் சுழி போட்டுட்டு இருக்கான்" என்றாள். போகும்போது பார்வையாளர் புஸ்தகத்தில் இப்படி எழுதினாள்: "ஆஜர் நாற்பத்திரண்டு. இவர்களில் மூச்சு வாங்குகிறவர்கள் முப்பது. சுடலைக்கண்ணு என்பவன் நன்றாகப் படிக்கக்கூடியவன். ஓடவிடாமல் உட்காரவைத்தால் போதும். எலிசபெத் தேவசிகாமணி, வழிப்போக்கர்."

களக்காடு போய்ச் சேரும்போது மணி ஆறு. முகம் கழுவவும் இல்லை, சேலை மாற்றவும் இல்லை. துரைசானி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு அக்காளைப் பார்த்தார்கள், பிறகு வண்டியைப் பார்த்தார்கள். அதற்குள்ளே மூன்று கோழிகள் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தன. "நீ ஏன் தாமதித்தாய், பெண்ணே?" என்று வேதபுஸ்தகத் தமிழில் கேட்டார்கள். அக்காளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பங்கு முழுவதும் எனக்கு வந்துவிட்டது. நடந்ததைக் கோழி உட்பட ஒப்பித்தாள். அந்த மூன்று பள்ளிக்கூடங்களும் துரைசானி அம்மாளின் மேற்பார்வையில் உள்ளவை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் ஒரு தடித்த ஆஜர் புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். கடைசியில், "மூன்று பள்ளியிலும் ஆஜர் மிகுதி, பரீட்சைக்கு வருவோரோ சிலர். மற்றப் பிள்ளைகள் யாவர் என்று மூன்று வருஷமாய்த் தேடினேன். நீ ஒரே பகலில் கண்டாய். புதன்கிழமை வேலைக்கு வா" என்றார்கள்.

இதில் அப்பாவுக்கு என்ன மனஸ்தாபம் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலை வாத்திமார் மூன்று பேரும் எங்கள் வாசலில் வந்து நின்று, "இன்ஸ்பெக்டரம்மா இருக்காவளா? எழுதுனதக் கொஞ்சம் மாத்தி எழுதச் சொல்லணும்" என்றார்கள். அப்பா கையிலிருந்த காப்பி அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் போனபிறகு, "உத்தியோகஸ்தன்னு வேஷம் போட்டா என்ன தெரியுமாலே? நூத்தி எழுவதாவது பிரிவு! ரெண்டு வருஷம்!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். "நான் வேஷம் போடலப்பா, வண்டிதான் போட்டுச்சு" என்றேன். அன்றைக்கே கோழிகளைத் திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. இரண்டுதான் போயின. மூன்றாவது அம்மாளின் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் குழம்போடு திருப்பிக் கொடுப்பது முறையா என்று அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி, "லஞ்சம் வாங்கிப் பழகின குதிரை இந்த வீட்டுக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

புதன்கிழமை அக்காளையும் அவளுடைய தகரப் பெட்டியையும் களக்காட்டில் கொண்டுபோய் விட்டு, மறுநாள் தனியாகத் திரும்பினேன். போகும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் ஒழுக்கத்தைக் கண்டு தீர்ப்பை மாற்றுகிற வழக்கம் கோர்ட்டில் இல்லை என்று அப்பா சொல்கிறார்கள். மேற்கண்ட காரணங்களால் குதிரையை விற்கத் தாங்கள் தயவாய் அனுமதி கொடுக்கவேண்டியது. பெரியம்மாளுக்கு எங்கள் எல்லாருடைய ஸ்தோத்திரமும். அண்ணன் பிள்ளைகளுக்கு முத்தங்கள். கொழும்பில் கோழி மலிவா என்று அம்மாள் கேட்கச் சொன்னார்கள். கர்த்தர் தங்களுடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக. எங்களுடைய போக்குவரத்துத்தான் இப்படி இருக்கிறது.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள,
தே. பாக்கியசீலன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை அப்பா வரிவரியாய்ப் படித்து, "சரி, ஒட்டிப் போடு" என்றார்கள். இது தபாலாபீஸ் பேனாவால் எழுதுவது. நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. "குதிரை வலப்பக்கம் திரும்பிற்று" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்று இடத்திலும் திரும்பத்தான் செய்தது. ஒற்றைப்புளியில் தானாகத் திரும்பிற்று. மற்ற இரண்டு ஊரிலும் மணி அடிக்கவில்லை, அது பாவம் தலை குனிந்துகொண்டு நேராகத்தான் போயிற்று. வலது லகானை இழுத்தவன் நான்.

நாலு மணி தப்பினால் வேலை அடுத்த பெண்ணுக்குப் போகும், அக்காள் வீட்டோடு இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே மோசம். வீட்டில் நான் செய்கிற குறும்புக்கு அப்பா பிரிவு சொல்வார்கள், அம்மாள் ஜெபம் பண்ணுவார்கள். திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சிரிப்பவள் அவள் மட்டுந்தான். புதன்கிழமை களக்காட்டில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஏலே சீலா, இனிமே லகானப் பைய இழு. அதுக்கு வாய் வலிக்கும்லா."

ஆகவே குதிரையை விற்கக்கூடாது என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். காரணம் வேண்டாம், மூத்தவர்கள் தம்பிக்குக் காரணம் எழுதுவதில்லை. கோழிச் சத்தத்துக்குக் காத்திருக்கக் குதிரையைப் பழக்கினது யார் என்று அப்பா இதுவரை கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வியாழக்கிழமை தனியாகத் திரும்பும்போது, முந்தின நாள் இறுக்கிப் பிடித்திருந்த லகான் என் மடியில் தளர்ந்து கிடக்க, இரட்டைப்புளியில் யோனா தானாகவே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிற்று. ஒரே நாளில் நான் கற்றுக்கொடுத்த பாடம். படியோடு படி ஒட்டி நின்று, கழுத்தைத் திருப்பி, யாரோ இறங்கவேண்டும் என்பதுபோலப் பின் ஆசனத்தைப் பார்த்தது. நான் அதட்டவில்லை. அது நின்றது, நானும் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் சன்னல் வழியாக எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் ஒரு கோழியைத் தூக்கிவந்து, ஆசனத்தின் கீழே வைத்து, ஒரு தடவை கத்தவைத்துவிட்டு, கோழியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வந்துவிட்டோம்.