வாங்காத மூன்று கடிதங்களும் என் செர்ரி மரமும்

லூப்லின், ஜூலை 2

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய யாத்விகா அக்காவுக்கு, தம்பி லூத்விக் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முழங்காலும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

அக்கா, தோட்டச் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்து முப்பது வருஷமாக நான் மண்வெட்டி பிடித்த தோட்டம் கையை விட்டுப் போகப் பார்த்தது. பதிவுத் தபால் என்றாலே வில்லங்கம், கையெழுத்துப் போட்டு வாங்காதவரை எதுவும் செல்லாது என்று நீ சொல்லித் தந்தாய் அல்லவா? அதன்படி, சங்கம் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் கதவைத் திறக்காமல் மூச்சடக்கி நின்றேன். கடைசியில் சங்கத் தலைவரே வேலிக்கு மேல் தலையை நீட்டி, தோட்டத்துக் குடில் அளவு மீறிவிட்டது, ஜூன் கடைசிக்குள் தோட்டத்தைக் காலி பண்ணு என்றார். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற பிள்ளைகள், பேராசிரியையின் மேற்பார்வையில் இலவசமாக வழக்குப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். கிங்கா என்று ஒரு பெண், ஓல்கெர்த் என்று ஒரு பையன். இரண்டும் பால் மணம் மாறாத முகங்கள். கசகசா கேக்கை நீட்டினேன். கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாதாம். கடிதம் வாங்காத என் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். கிங்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, தபால்காரர் ரெண்டு தடவை சீட்டு வெச்சும் நீங்க தபாலாபீஸ் போய்க் கடிதத்தை எடுக்கலைன்னா, சட்டப்படி அது உங்க கைக்கு வந்த மாதிரிதான்."

தலை சுத்திப்போச்சு அக்கா. ஆனா பிள்ளைங்க விடலை. டேப்போட தோட்டத்துக்கே வந்து, மண்ணுல மண்டிபோட்டு அளந்தாங்க. தலைவர் திராட்சைப் பந்தலையும் குடிலோட சேர்த்து அளந்திருக்கார்! பந்தலைக் கழிச்சா இருபத்தெட்டு சதுர மீட்டர். முப்பத்தஞ்சு வரைக்கும் சட்டமே விடுது. சங்கத்துக்குப் பிள்ளைங்க எழுதின பதிலைப் பேராசிரியம்மா நாலு தடவை சிவப்பு மையால திருத்தித் திருப்பிக் கொடுத்து, அஞ்சாவது தடவைதான் கையெழுத்துப் போட்டாங்க. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது சங்கம் இறங்கி வந்துடுச்சு. நான் பிள்ளைங்க ஆபீஸ்லயே அழுதுட்டேன். பெத்த பிள்ளைகூட இவ்வளவு செய்யாது. அவங்க நல்லா இருக்கணும்.

இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் வா. மரம் முழுக்கச் செர்ரி. நீ வந்து பறிச்சாதான் எனக்கு மனசு நிறையும். அத்தானுக்கு வணக்கம், உன் முதுகுவலிக்கு விடுதலை, எல்லாருக்கும் நீண்ட ஆயுசு.

உன் தம்பி,
லூத்விக்

பி.கு. (செப்டம்பர் 20): இந்தக் கடிதத்தை இரண்டு முறை பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு முறையும் யாரும் வாங்கவில்லை என்று திரும்பி வந்தது. அதனால் இப்போது சாதாரணத் தபாலில் போடுகிறேன். செர்ரி தீர்ந்துவிட்டது, ஆப்பிள் இருக்கிறது, வா. கிங்காவிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

"விடுங்க ஐயா," என்றாள். "சட்டப்படி உங்க அக்கா ரெண்டு தடவை செர்ரி சாப்பிட்டாச்சு."