மாமியின் பாலைவனத்தில் நான் செய்த வேளாண்மை

தண்ணீர் ஊற்றியே ஒரு தோட்டத்தைக் கொன்றவன் நான். ஊற்றாமல் கொன்றவர்களுக்குச் சோம்பல் என்றாவது ஒரு காரணம் இருக்கும். நானோ தினமும் காலை ஆறரைக்குக் குளித்து, திருநீறு பூசி, வாளியோடு போய்க் கொன்றேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. தர்ஷினியைக் கல்யாணம் செய்ய எங்கள் வீட்டில் முழுச் சம்மதம். அவளுடைய அம்மாவிடம் அரைச் சம்மதம்தான். மாமி ஓய்வுபெற்ற கணித ரீச்சர். சிரித்துப் பேசுவார், ஆனால் பேசிக்கொண்டே என்னைத் திருத்துவது போல இருக்கும்.

துறைமுகம் தெரிகிற மேல்மாடி பல்கனியில் அவர் முப்பத்தாறு சின்னச் சட்டிகளில் சக்குலன்ட் வளர்த்தார். பாலைவனத்துச் செடிகள், இலையெல்லாம் சதை. சில ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. சில அவரைவிதை போன்ற இலைகளோடு தொங்கின. தன் தங்கையின் முழங்கால் ஒப்பரேசனுக்காக மாமி இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தது. தர்ஷினிக்கோ மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. ஆகவே வீட்டுச் சாவி என்னிடம் வந்தது. (பெண்ணைத் தருவதற்கு முன் சாவியைத் தந்து பார்க்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.)

"தம்பி, உங்களுக்குச் செடி வளர்த்துப் பழக்கம் இருக்கோ?"

"நான் தம்பலகாமத்தான் மாமி. வேளாண்மைக்காரன்ர மகன்."

"நல்லது. பத்து நாளைக்கு ஒருக்கா, மண் காய்ஞ்சிருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணி. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேளாண்மைக்காரன் மகன் என்பது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே பயிர் நெல். பயிர் என்றால் தண்ணீரில் நிற்கவேண்டும். அவ்வளவுதான் என் தாவரவியல். இந்த வறண்ட கச்சான் காற்றில், இந்த வெயிலில், பத்து நாளைக்கு ஒருமுறையா? பாவம் மனிசி, வாளி தூக்க ஏலாமல் செடிகளைப் பட்டினி போட்டிருக்கிறா என்று நினைத்தேன்.

முதல் நாளே சட்டிகளை நிழலுக்கு மாற்றினேன். தொங்குகிற செடியைத் தொட்டதும் இலைகள் பொலபொலவென்று கொட்டின. பயந்துபோய் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டியைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதன் பிறகு தினமும் ஒரு வாளி.

ஒரு கிழமையில் செடிகள் ஊதிப் பளபளத்தன. படம் எடுத்துத் தர்ஷினிக்கு அனுப்பினேன். "நல்லாக் குண்டாகியிருக்கு" என்று எழுதினாள். "கவனிப்பு அப்பிடி" என்று பதில் போட்டேன்.

அடுத்த கிழமை இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டால் நசிந்தன. அப்பா வயலில் செய்கிற வைத்தியம் ஞாபகம் வந்தது. சட்டிக்கு ஒரு சிட்டிகை யூரியா போட்டேன். ஒரு மாதம் முடிவதற்குள் முப்பத்தாறு சட்டியிலும் நாறுகிற பச்சைக் கஞ்சிதான் மிச்சம். தர்ஷினி படம் கேட்டபோதெல்லாம் போன் கமரா பழுது என்றேன்.

உப்புவெளிப் பக்கம் ஒரு செடிக்கடைக்கு ஓடினேன்.

"அது நுவரெலியாவில இருந்து எப்பவாவதுதான் வரும்" என்றார் கடைக்காரர். "இப்ப கற்றாழைதான் இருக்கு. அதுவும் சதையுள்ளதுதானே?"

அந்த நேரத்தில் அது எனக்கு மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது. முப்பத்தாறு கற்றாழைக் கன்றுகளை ஓட்டோவில் ஏற்றிவந்து நட்டேன்.

மாமி திரும்பி வந்த அன்று தர்ஷினியும் லீவில் வந்திருந்தாள். மாமி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறினார். சட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வளர்ந்திட்டுது மாமி."

தர்ஷினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா தெரியவில்லை. இனிக் கல்யாணம் இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன். போகிறது போகட்டும் என்று கொட்டின இலை, வாளி, யூரியா, ஓட்டோ எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

மாமி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "கொட்டுண்ட இலையளையும் எறிஞ்சிட்டீங்களோ?"

பெட்டியைத் தேடி எடுத்துவந்து நீட்டினேன். மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வாடிச் சுருங்கிய இலைகளின் அடியில் நூல் நூலாக வேர். வேருக்குப் பக்கத்தில் பயறளவில் பச்சைக் குருத்துகள். பத்து, இருபது, அதற்கும் மேலே.

"இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை மாமி. சத்தியமா."

"அதாலதான் வந்திருக்கு" என்றார் மாமி. பிறகு கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"ஆவணியில நாள் பாப்பம்" என்றார். "இப்ப சாவியைத் தாங்கோ."

இன்று பல்கனியில் நாற்பதுக்கு மேல் சட்டிகள். எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி. எங்கள் வீட்டில் பொய் என்ற சொல்லையே யாரும் பாவிப்பதில்லை. யார் கதை விட்டாலும் "வளர்ந்திட்டுது" என்பதுதான் தீர்ப்பு. போன கிழமை என் ஆறு வயது மகள் என் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு, மேசையில் அது இருந்த இடத்தில் தன்னுடைய விளையாட்டுக் கண்ணாடியை வைத்திருந்தாள். இதென்ன என்று கேட்டேன்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "சுருங்கிட்டுது அப்பா."