புளிக்கு மசியாத பாதி

உலகத்தில் எதுவுமே ஒழுங்காக ஒட்டவில்லை என்று மனதார நம்பி வாழ்ந்தவர் எங்கள் ஐஸ் டாக்டர். நல்லவேளை, அவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் தேனி மாவட்டத்தில் ஒரு சுவரிலும் போஸ்டர் மிஞ்சியிருக்காது.

உத்தமபாளையத்தில் சபுரா அக்கா வீட்டு மாடியில் அவரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. அவர் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவர். பல்கலைக்கழகம் யோசித்துக்கொண்டிருந்தபோதே தெரு அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டது.

ஐஸ் வந்த கதை வேறு. செம்புத் தகட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் ஏற்றுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு டயசோனியம் என்று ஒரு சரக்கு வேண்டும். அதைத் தயாரிக்கும்போது ஐந்து டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது. கல்லூரி பிரிட்ஜ் எப்போதோ கையை விரித்துவிட்டது. அதனால் மீன் கடையில் ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். லேபில் எந்நேரமும் கட்லா மீன் வாடை.

ஒருநாள் கண்டக்டர் கேட்டார்.

"தம்பி, பெட்டியில என்ன?"

"ஐஸ்ணே."

"ஐஸு எதுக்கு?"

"சூடு ஏறுச்சுன்னா எல்லாம் போச்சுண்ணே. அங்கன எனக்காகக் காத்துக்கிட்டிருக்காக."

கண்டக்டர் முகம் மாறிவிட்டது. யாருக்கோ கிட்னி போகிறது என்று முடிவு கட்டி டிரைவரிடம் ஓடினார். பஸ் சின்னமனூரில்கூட நிற்கவில்லை. அங்கே இறங்க வேண்டியவர்கள் வழியெல்லாம் வாழ்த்தினார்கள். கல்லூரி வாசலில் இறங்கியபோது, "நல்லபடியா முடியட்டும்பா" என்று கண்டக்டர் கும்பிட்டார். இவரும் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். தன் ஆராய்ச்சி மேல் அரசுப் போக்குவரத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று அன்று முழுக்க என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

எதைக் கண்டாலும் சுரண்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கோம்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியவர், அப்படியே பிரேஸ்லெட்டையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. "சும்மா மேல உக்காந்திருக்குங்க, பிடிப்பே இல்ல" என்று பெண் வீட்டார் காதில் விழும்படி விளக்கமும் சொன்னார். கோம்பை நாய்க்குப் பேர் போன ஊர். அன்றைக்கு நாய்களெல்லாம் படுத்துக் கிடந்தன. மாப்பிள்ளைதான் எங்களைத் துரத்தினார்.

"ஏன்யா, எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெயிண்ட் வாடகைக்கு இருக்கு மாப்ள. டயசோனியம் அப்படியில்ல. கையில இருக்கிற நைட்ரஜனை விட்டுட்டு, வெறுங்கையா வந்து உலோகத்தைக் கட்டிப்பிடிச்சுக்கும். அப்புறம் நீ தேய்ச்சாலும் விடாது."

சொன்னாரே தவிர, நிரூபிக்க முடியவில்லை. ஒரு வருஷம் பாடுபட்ட பிறகு ஒரே ஒரு தகடுதான் சரியாக வந்திருந்தது. வட்டமான செம்புத் தகடு, பாதிக்கு மட்டும் படலம். அதற்குள் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஒட்டியிருக்குன்னு நீதான் சொல்ற. இந்த மாசம் காட்டலேன்னா உன் பதிவு முடிஞ்சுபோகும். ஊருக்குப் போயி வாழைய வெட்டு." மனிதர் சாப்பாட்டை மறந்தார். லேபில் யாரையும் நம்பாமல் தகட்டை அறைக்கே கொண்டுவந்து, கழுவி, ஜன்னலில் காய வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் நோன்புப் பெருநாள். சபுரா அக்கா வீட்டில் பெருநாளுக்கு முதல் நாள் செம்பு, பித்தளை ஒன்று விடாமல் புளி போட்டுத் தேய்த்தாக வேண்டும். எங்களிடம் இருந்த தன்னுடைய செம்பை எடுக்க மாடிக்கு வந்த அக்கா, ஜன்னலில் இருந்த தகட்டை அதன் மூடி என்று நினைத்துச் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்.

துண்டோடு கீழே ஓடினார் டாக்டர். நானும் ஓடினேன். குழாயடியில் அக்கா கையில் தகடு. புளி, உப்பு, தேங்காய் நார். டாக்டர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கோ வேறு கோபம். "என்ன எழவைத் தம்பி இதுல பூசி வச்சிருக்கீக? இந்தப் பாதி தங்கமா மின்னுது. அந்தப் பாதி எம்புட்டுத் தேச்சும் அசைய மாட்டேங்குது. கை விட்டுப்போச்சு!"

டாக்டர் தலையைத் தூக்கினார்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"அசைய மாட்டேங்குதுன்னேன்!"

தகட்டை வாங்கி, அதன் மேல் தண்ணீரைச் சொட்டவிட்டார். பளபளத்த பாதியில் தண்ணீர் பரவி ஓடியது. மங்கலான பாதியில் முத்து முத்தாக உருண்டு நின்றது. தண்ணீரை ஒட்டவிடாத அந்தப் படலம் அப்படியே இருந்தது. டாக்டர் அழுதார், சிரித்தார், அக்காவைத் திரும்பத் தேய்க்கச் சொன்னார். அக்காவும் விடாமல், "இருங்க, செங்கப்பொடி போட்டுப் பாக்குறேன்" என்று எழுந்தார்.

"செங்கப்பொடி வேணாங்க்கா!" என்று தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டார் டாக்டர். நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு அல்லவா?

அதன் பிறகு செய்த தகடெல்லாம் எங்கள் குழாயடிக்கு வந்துதான் லேபுக்கே திரும்பின. தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் மெஷினில் வைத்து அளந்தார்கள். வாய்மொழித் தேர்வு அன்று, உராய்வுச் சோதனையை நடத்தியது யார் என்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாந்தேன் தேச்சேன். வேணும்னா இங்கனயே தேச்சுக் காட்டுறேன்." தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் இப்போது எங்கோ குளிர்தேசத்தில் இருக்கிறார். ஐஸுக்குப் பஞ்சமில்லை. போகும்போது அந்தத் தகட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்று என் தண்ணீர்ச் செம்புக்கு மூடி. பெருநாளுக்கு முதல் நாள் அக்கா புளி கொடுத்து அனுப்புவார், நானே தேய்ப்பேன். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாதிக்கு வரும்போது என் கை மெதுவாகத்தான் போகிறது.