பெட்டிஸ் வரும்வரை விஞ்ஞானம்

ஒன்றும் தெரியாதவர்களால் ஊருக்குக் கெடுதல் இல்லை. முழுதும் தெரிந்தவர்களோ வாயைத் திறப்பதில்லை. நடுவே ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அரைவாசி கேட்டு முழுசாய்ச் சொல்லும் இனம், அதுதான் ஆளை விழுத்தும்.

மாத்தளை மக்கீன் நானா அதில் முதல் தரம். கண்டியில் ஒரு மிருக வைத்தியரின் சொற்பொழிவுக்குப் போனார். மாட்டெலும்பு, கோழியெலும்பு, மனுச எலும்பு, எலும்பே இல்லாமல் கசியிழையம் என்னும் குருத்தாலேயே ஆன சுறா, எல்லாவற்றிலும் சில புரதங்கள் உண்டு, விற்றமின் கே கிடைத்தால்தான் அவை வேலை செய்யும், அது கீரையில் நிறைய இருக்கிறது என்பதுவரை கேட்டார். அப்போது தேத்தண்ணியோடு தின்னப் பெட்டிஸ் வந்தது. நானா எழுந்து போனார். மிச்ச விஞ்ஞானம் அவரில்லாமலேயே நடந்தது.

அதன்பிறகு அவருக்கு உலகமே எலும்பு. இறைச்சிக்கடையில் தொடையெலும்பைத் தட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் சாப்பாட்டை நிறுத்திக் கோழிக்காலைத் தூக்கிக் காட்டுவார். தம்புள்ளை பஸ்ஸை செக்பொயின்டில் மறித்து ஆட்களை இறக்கினால், எல்லாரும் அடையாள அட்டையும் கையுமாய் நடுங்கிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் ஆமிக்காரனிடம் சிங்களத்தில் முழங்கால் சுகம் விசாரித்துக் கங்குன் கீரை சாப்பிடச் சொல்வார். அவனே போதுமென்று கைகாட்டி அனுப்பிவிடுவான்.

றமீஸாவால் அப்படிக் கைகாட்ட முடியவில்லை. பக்கத்து வீடாயிற்றே! அவள் புருஷன் பலீலுக்கு நெஞ்சில் வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் குளிசை. முழங்கால் நோகுதென்று அவர் ஒருநாள் வேலியோரம் முனகிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து தினமும் கட்டுக்கட்டாய் முருங்கைக்கீரை, வல்லாரை. பலீலும் டொக்டரைவிட நானாவை நம்பித் தின்றார்.

அடுத்த கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்த டொக்டருக்கு முகம் மாறியது.

"திடீர்னு இவ்வளவு கீரையா? எலும்புக்கு உதவுற அதே விற்றமின்தான் இரத்தத்தையும் உறைய வைக்கும். குளிசை தோத்துப்போச்சு. வால்வுல இரத்தம் கட்டியிருந்தா ஆள் இல்ல!"

கீரையை விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வழமையான அளவு தின்னட்டும் என்றார். வீடு வரும்வரை புருஷனின் கையை றமீஸா விடவில்லை.

வாசலில் மக்கீன் நானா, புதுக் கட்டோடு.

"எலும்பு எப்படி, தங்கச்சி?"

"எலும்பு நல்லா ஈக்குது நானா. மனுசன்தான் மௌத்தாகப் பாத்தாரு!"

அழுதுகொண்டே டொக்டர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். கீரையால் இரத்தம் உறையும் என்பதுவரை கேட்ட நானா கட்டைப் பொத்தென்று போட்டார். மிச்சத்தைக் கேட்க நேரமேது? பின்னேரத்துக்குள் அலுவிகாரை வரைக்கும் செய்தி போய்விட்டது:

"கீரை நஞ்சு! ஒருத்தரும் தொடாதீங்க!"

சிரிக்கிறீர்களா? நன்றாய்ச் சிரியுங்கள். ஆனால் குளிசை போடுகிற உங்கள் மாமாவிடம் கீரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இப்போதே நாக்குத் துடிக்கிறதே, கவனித்தீர்களா? டொக்டர் கடைசியாய் என்ன சொன்னார், திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்.

ஞாபகமில்லையா? சரி, பெட்டிஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.