வெயில் பாயும் நிலக்கரிக் கரண்ட்டும்

திண்டுக்கல் நாகல் நகரில் அடிக்கிற வெயிலில் ஒரு பொட்டுகூட வீணாகாமல் பார்த்துக்கொண்ட ஒரே மனிதர் வெயில் பாய்தான். அவருடைய நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

முப்பது வருடம் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல் காயப்போடுகிற வேலையை மேற்பார்வை பார்த்தவர். வானத்தைப் பார்த்துப் பார்த்தே வயதானவர். வேலையை விட்டதும் மொட்டைமாடி முழுக்க சோலார் மாட்டினார். வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய கரண்ட் தானாகவே மின்வாரியத்துக்குப் போய்விடும் என்று மாட்ட வந்தவர்கள் சொன்னார்கள். காயப்போட்ட தோலை யாரோ சுருட்டிக்கொண்டு போனதைப் போல அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். அரைக்க, துவைக்க, தேய்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். இல்லையென்றால் முகம் வாடிவிடும். மனசு கேட்காமல் ஒரே வாரத்தில் நான்கு முறை அவர் வீட்டில் மாவரைத்தேன். தேய்த்த சட்டைகளையே கசக்கி மறுபடி தேய்க்கக் கொடுத்தவர்களும் தெருவில் உண்டு.

மின்வாரியத்திலிருந்து வருவதற்கு அவர் வைத்த பெயர் நிலக்கரிக் கரண்ட். பொழுது சாய்ந்தபின் வேறு வழியில்லாமல் ஒரு ஃபேன் போட்டுக்கொள்வார், பிடிக்காத சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிற முகத்தோடு.

என் மகள் கயல் அப்போது காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே பேட்டரி ஸ்கூட்டரில் போவாள். வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டுகிற ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டு, அடுப்பைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். தினமும் காலை பத்து மணிக்கு, வெயில் ஏறியதும், பாய் வண்டியைத் தன் வாசலுக்குத் தள்ளிப்போய் சார்ஜ் போட்டுவிடுவார்.

அன்றைக்கும் போட்டார். பத்தேகாலுக்கு மேகம் மூடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிள்ளை வண்டியில் நிலக்கரி ஏறக்கூடாதாம். மேகம் விலகட்டும் என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கயல் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சார்ஜைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அதற்குத்தான் நான் இருக்கிறேன். நானோ அன்று பார்த்துப் பல் பிடுங்கப் போயிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு, அவள் திரும்பி வருகிற நேரத்தில், ஆப்பைத் திறந்தால் சார்ஜ் பூஜ்யம். அதன் கீழே, ‘கடைசியாகக் காணப்பட்ட இடம்’ என்று போட்டு, நான்கு வழிச்சாலையில் ஒரு புள்ளி. அந்த வாசகத்தை எழுதியவருக்குப் பிள்ளைகள் இருக்க முடியாது. போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. விடாமல் போட்டேன். அப்புறம் அணைந்தேவிட்டது.

மரத்துப்போன பாதி வாயோடு பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் வாசல் பிளக்கைப் பார்த்தார்.

“நாந்தேன் புடுங்குனேன், தங்கச்சி.”

கொல்லையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பழைய பைக்கை வெளியே இழுத்தார். மூன்று வருடமாகப் பெட்ரோல் பங்க் பக்கம் தலையைத் திருப்பாதவர், அங்கே வரிசையில் நின்றார். எவ்வளவுக்கு என்று கேட்டதற்கு, “கொள்ளுற மட்டும் ஊத்துங்க” என்றார். முன்னால் அவர் அல்லாவைக் கூப்பிட்டார், பின்னால் உட்கார்ந்து நான் மற்ற எல்லோரையும் கூப்பிட்டேன்.

சின்னாளபட்டி தாண்டாமலே கிடைத்துவிட்டாள். சாலையோரம் கொய்யாப்பழம் விற்கிற அம்மாவின் குடைக்குக் கீழே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள்.

“போன் என்னடி ஆச்சு?”

“வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தேன், போன் பைக்குள்ள கெடந்துச்சு. இருந்ததே நாலு பர்சன்ட். நீ அடிச்சு அடிச்சே அணைச்சுட்ட.”

பாய் லாரிகளைப் பார்த்தபடி துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“வேர்க்குதா மாமா? கொய்யா சாப்டுங்க” என்றாள் கயல்.

மறுநாளும் வானம் மப்பு. காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு கேட் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பாய் ஸ்கூட்டரை எங்கள் வீட்டு பிளக்கிலேயே மாட்டிவிட்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் சோலார் கிடையாது.

“பாய், இது முழுக்க நெலக்கரிக் கரண்ட்டு” என்றேன்.

“தெரியும். நீ செத்த நேரம் சும்மா இரு, தங்கச்சி.”

நூறு காட்டும்வரை நகரவில்லை. அதற்குப் பிறகு மேகம் போட்ட ஒரு நாளும் விடியலில் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வராமல் இருந்ததில்லை.

போன வருடம் ஊரின் மறுகோடிக்கு வீடு மாறி வந்துவிட்டோம். இப்போது கயலே சார்ஜ் போட்டுக்கொள்கிறாள். கேட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி வந்து ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மேகம் கூடுகிற அன்றைக்கு மட்டும் பூட்டுவதில்லை.